நூறாம் நம்பர் பஸ்ஸில் ஏறிய நாய்

"ஒயாகேத?"

உங்களுடையதா என்று கொண்டக்டர் என்னைக் கேட்டார். கேள்விக்குரிய சீவன் என் சீட்டுக்குக் கீழே ஒடுங்கி, வாலை என் கணுக்காலில் போட்டுக்கொண்டு நடுங்கியது. அதுவரை கதைத்துக்கொண்டு வந்த சனம் என் பதிலுக்காகச் சட்டென்று அமைதியானது எனக்கு நன்றாகவே கேட்டது.

முதலில் நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் மூன்று நாய்க் கூட்டம். கடல் பக்கம் ஒன்று, நடுவில் அடுக்குமாடி எழும்புகிற இடத்தில் ஒன்று, காலி வீதி முனையில் ஒன்று. நடுக் கூட்டத்தில் ஒரு பெட்டை. சலூன் பெடியன் அவளைக் கறுப்பி என்பான். எதிர் வீட்டு வோச்சர் ஐயா சுத்தி என்பார், சிங்களத்தில் வெள்ளைக்காரி என்கிற மாதிரி. உண்மையில் என்ன நிறம் என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. ஒருநாள் மழைக்கு எங்கள் கேற்றடியில் நின்றவளுக்கு ஒரு மாரி பிஸ்கட் போட்டேன், அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து காலை ஏழேகாலுக்கு நான் வெளிக்கிட்டால் சீமெந்தில் நகச் சத்தம். இடது பக்கம், இரண்டு அடி பின்னால். காலி வீதி பஸ் ஹோல்ட் வரைக்கும் வருவாள். முனைக் கூட்டம் உறுமினால் என் வெள்ளைப் பிரம்போடு ஒட்டிக்கொள்வாள். யார் யாருக்குத் துணை போகிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெளிவில்லை.

எனக்கு நாய் என்றால் பயம். எட்டு வயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட தலைமுறை நான். எங்களுக்கு முந்தைய தலைமுறையில், 1970களில், இந்த நாட்டில் விசர்நாய்க்கடியால் வருடத்துக்கு முந்நூறுக்கு மேற்பட்டோர் செத்த காலமும் இருந்தது. தடுப்பூசி போட்டுப் போட்டு அது இப்போது எவ்வளவோ இறங்கிவிட்டது. ஆனால் அம்மாமாரின் பயம் அந்த வேகத்தில் இறங்காது. "நாய் வருது, கல்லெடு" என்று கேட்டு வளர்ந்த காது என்னுடையது.

சம்பவம் நடந்தது ஒரு திங்கட்கிழமை. ஹோல்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடைத் திறப்பு விழா. நூறாம் நம்பர் பஸ் வந்து, வழக்கம்போல் நின்றும் நிற்காமலும் உருண்டது. நான் கம்பியைப் பிடித்து மிதிபலகையில் காலை வைக்கிற நேரம் பார்த்துச் சீனவெடிச் சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். பஸ்ஸுக்குள் யாரோ பெண் கத்தினார். நான் வெடிக்குப் பயந்து கத்துகிறார் என்று நினைத்தேன். சீட்டைத் தடவி உட்கார்ந்த பிறகுதான் கணுக்காலில் வால் பட்டது.

"பல்லாவ பஸ்ஸன்ன!" நாயை இறக்கு என்று பின்னாலிருந்து ஒரு குரல். பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போய்விட்டார். கொண்டக்டருக்கு என்னைத் தெரியும். ஒவ்வொரு நாளும் கையைப் பிடித்து ஏற்றி, கோட்டையில் "ஹிமீட்ட பஹின்ன மஹத்தயா", மெதுவாக இறங்குங்கள் ஐயா என்று இறக்கிவிடுகிற ஆள். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போது முன் பக்கமிருந்து ஒரு பெட்டையின் குரல், ஏதோ கம்பஸில் படிக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும், சிங்களத்தில் சொன்னது: "இது அவருக்கு வழி காட்டுகிற நாயாக இருக்கும், வெளிநாட்டில் இருக்குமே, அப்படி."

அந்த இடத்தில்தான் "ஒயாகேத?" வந்தது.

"மகே நெவெய்" என்றேன். என்னுடையது இல்லை.

சொன்னது முழு உண்மை. கறுப்பிக்கு ஊசி போட்டிருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. அவள் பழக்கிய நாயும் இல்லை, பழக்கியது மாதிரி நடிக்க வைத்து நான் பொய் சொல்லியிருந்தால் அது உண்மையான வழிகாட்டி நாயோடு வரப்போகிற யாரோ ஒருவரின் வயிற்றில் அடித்ததாகியிருக்கும். இதெல்லாம் சரி. ஆனால் பம்பலப்பிட்டிக்குக் கிட்ட அவளை இழுத்து இறக்கும்போது நகங்கள் பஸ் தகரத்தைக் கீறிக்கொண்டு போன சத்தம் அன்று முழுக்க ஹெட்செட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கோட்டையில் ஒரு அலுவலகத்தில் டெலிபோன் ஒபரேட்டர். அன்று மூன்று கோலைப் பிழையான ஆளுக்குக் கொடுத்தேன்.

அன்று இரவு கனடாவில் ஸ்காபரோவுக்கு, அக்காவுக்கு எடுத்தேன்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். எனக்கு இருக்கிற ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்கிற பரம்பரைக் கண் நோய் அவருக்கும். முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு ஓரங்கள் போகும், கடைசியில் குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி ஒரு வட்டம் மிஞ்சி, அதுவும் மெல்ல மங்கும். எங்கள் குடும்பத்தில் காணி பிரிப்பதில் சண்டை வந்தது. இதை மட்டும் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொண்டோம். அக்காவிடம் ஜூனோ என்றொரு லப்ரடோர் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் மகள் கல்யாணத்துக்குப் போய் மூன்று கிழமை அந்த வீட்டில் நின்றபோதுதான் ஒரு வழிகாட்டி நாய் என்ன செய்யும், என்ன செய்யாது என்று விளங்கியது.

நாய்க்கு வழி தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். தெரியாது. வழி அக்காவின் தலைக்குள் இருக்கிறது. எத்தனையாவது சந்தியில் திரும்புவது என்று எண்ணிக்கொண்டு போவது அவர்தான். ஜூனோவின் வேலை வழியில் உள்ள கம்பம், படி, பள்ளம், திறந்து கிடக்கும் கார்க் கதவு ஆகியவற்றில் அக்கா முட்டாமல் கொண்டுபோவது. சிக்னல் விளக்கைப் பார்த்தும் அவள் கடப்பதில்லை. வாகனச் சத்தத்தைக் கேட்டு அக்கா "ஃபார்வர்ட்" என்பார். அந்த நேரம் சத்தமில்லாத பட்டரிக் கார் ஒன்று வந்தால் ஜூனோ சொல்வழி கேட்காமல் அசையாது நிற்பாள். எப்போது கீழ்ப்படியக் கூடாது என்பதும் பாடத்தில் ஒன்று. வேலை மொழி இங்கிலீஷ். வேலைக்குப் போடுகிற இடுப்புப் பிடியைக் கழற்றி வைத்துவிட்டால் தமிழ்: "வாடி செல்லம், சாப்பிடுவம்." மாமியாரின் சாமியறை வாசலில், படியைத் தாண்டாமல், முன்னங்கால் மட்டும் படியில் வைத்துப் படுத்திருப்பாளாம். அதை யாரும் பழக்கவில்லை என்று மாமி சத்தியம் பண்ணுவா.

அங்கே நின்றபோது ஒருநாள் மார்க்கம் வீதியில் பஸ் ஏறினோம். பஸ் ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கவாட்டில் தாழ்ந்தது. அக்கா ஏறினார், ஜூனோ ஏறினாள், நான் பின்னால். டிரைவர் குட் மோர்னிங் என்றார். அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்கா உட்கார்ந்ததும் ஜூனோ சீட்டுக்கு அடியில் போனாள்; வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலை அக்கா புடவைத் தலைப்பைச் செருகுகிற மாதிரி எடுத்து உள்ளே வைத்தார், யாரும் மிதிக்காமல் இருக்க. எனக்கு உள்ளூர உதறல். "தம்பி, பயப்பிடாதை, அவள் வேலையில இருக்கிறாள்" என்றார். இருபது நிமிடம் என் சப்பாத்தின் மேல் சூடான மூச்சு ஒன்று வந்து வந்து போனது.

அடுத்த நிறுத்தம் எது என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே வந்தது. எவ்வளவு வசதி என்றேன். அக்கா சிரித்தார். அந்தக் குரலுக்காக டேவிட் லெபோஃப்ஸ்கி என்கிற பார்வையற்ற வழக்கறிஞர் ரொறன்ரோ போக்குவரத்து ஆணைக்குழுவை மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்ததாம்: சுரங்க ரயிலுக்கு 2005இல் தீர்ப்பு, பஸ்ஸுக்கும் ட்ராமுக்கும் 2007இல். எனக்கு எங்கள் கொண்டக்டர்மார் நினைவுக்கு வந்தார்கள். "கொள்ளுப்பிட்டிய, பம்பலப்பிட்டிய, வெள்ளவத்த, தெஹிவல!" வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, தொண்டை வலிக்க இலவசமாகக் கத்துகிறார்கள். ஆள் பிடிக்கத்தான் கத்துகிறார்கள், எனக்காக இல்லை. இருந்தாலும் நான் வீட்டுக்கு வந்து சேர்வது அந்தச் சத்தத்தில்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே எல்லாம் சொர்க்கம், இங்கே எல்லாம் குப்பை என்று எழுதுவது சுகம். ஆனால் அக்காவையும் டாக்ஸிகள் விட்டுவிட்டுப் போயிருக்கின்றன. ஒருநாள் வந்த டிரைவர் நாயைக் கண்டதும் கதவைப் பூட்டிக்கொண்டு, "சீட் பழுதாப்போகும் அக்கா, வேறை வண்டி பிடியுங்கோ" என்று போய்விட்டான். அக்கா என்றுதான் சொன்னானாம், அதுவும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில். "இங்கிலீஷிலை சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது" என்றார். வித்தியாசம் என்னவென்றால் அவர் முறையிட ஒரு இடம் இருந்தது, காட்ட ஒரு சட்டம் இருந்தது.

அந்தச் சட்டங்கள் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி டாக்ஸிக்காரர் உதவி நாயை ஏற்ற மறுக்கவும் கூடாது, அதற்கென்று கூடக் காசு கேட்கவும் கூடாது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் இன்னும் சுவாரசியம். நாய் எதற்கென்று பார்த்தவுடன் விளங்காவிட்டால் இரண்டே கேள்வி கேட்கலாம்: இயலாமை காரணமாகத் தேவைப்படுகிற நாயா? என்ன வேலைக்குப் பழக்கப்பட்டது? அதற்கு மேல் அட்டை காட்டு, செய்து காட்டு, உனக்கு என்ன வருத்தம் என்றெல்லாம் தோண்டக் கூடாது. காது கேளாதவருக்குக் கதவு மணியை உணர்த்துகிற நாய், வலிப்பு வருகிறவருக்கு உதவுகிற நாய், எல்லாம் இதற்குள் வரும். நல்ல விதிதான், துஷ்பிரயோகமும் நடந்தது. விமானங்களில் மனத்துணை என்று சொல்லிக் கண்ட கண்ட பிராணிகளையும் கொண்டுவந்தார்கள். 2018இல் ஒரு பெண் மயிலோடு ஏற வந்து, விமான நிறுவனம் மறுத்துவிட்டது. முருகப்பெருமானே வந்திருந்தாலும் அன்றைக்கு ஏற்றியிருக்க மாட்டார்கள். கடைசியில் 2020 டிசம்பரில், விமானத்தில் சேவைப் பிராணி என்றால் பழக்கிய நாய் மட்டுமே என்று அங்கே விதியை இறுக்கினார்கள்.

நம்முடைய 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைக் கணினியை வாசிக்க விட்டு முழுக்கக் கேட்டேன். வலது குறைந்தவரை வேலையிலும் படிப்பிலும் ஒதுக்கக் கூடாது, எல்லாரும் போகிற இடத்துக்கு அவர் போவதைத் தடுக்கக் கூடாது என்று இருக்கிறது. நாய் என்ற சொல் வரவில்லை. வலது குறைந்தோர் உரிமைகள் பற்றி 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 20ஆம் உறுப்புரையில் நடமாட்டத்துக்கு 'உயிருள்ள உதவி' என்கிற மாதிரி ஒரு சொற்றொடர் வருகிறது. கணினியில் எனக்கு வாசித்துக் காட்டுகிற எஸ்பீக்கின் ரோபோக் குரல் அதை வாசிக்க, எனக்கு ஜூனோவுக்கு முதல் எங்கள் கொண்டக்டர்தான் மனதில் வந்தார்.

என்னைக் குழப்புவதும் இதுதான். கொழும்பில் வெள்ளைப் பிரம்பைக் கண்டால் கை நீளும். கேட்காமலே நீளும், சில நேரம் நான் போகத் தேவையில்லாத பக்கத்துக்கும் இழுத்துக்கொண்டு போகும். ஒருதடவை நான் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று சொல்வதற்குள் ஒரு ஐயா என்னைக் காலி வீதியைக் கடத்தி அந்தப் பக்கம் விட்டுவிட்டார், புண்ணியம் கிடைக்கட்டும். என் பக்கத்தில் ஒரு நாய் நின்றால் அதே கைகள் நீளுமா? அன்று பக்கத்துச் சீட்டுக்காரர் எழும்பிப் போன வேகம் எனக்குத் தெரியும்.

என் அம்மாவையே எடுங்கள். வைரவருக்கு வடைமாலை சாத்துவா. வைரவரின் வாகனத்தைக் கேற்றுக்குள் விடமாட்டா. அலுவலகத்தில் என் நண்பர் ஒருவர் முஸ்லிம், ஷாபி மத்ஹப் என்கிற சட்டப் பிரிவைப் பின்பற்றுகிறவர். நாயின் எச்சிலோ ஈர மூக்கோ பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். காய்ந்த உரோமம் காய்ந்த உடுப்பில் பட்டால் பிரச்சினை இல்லையாம். "நாய் உங்கட காலுக்குக் கீழ, நான் கொஞ்சம் தள்ளி, ரெண்டு பேரும் போகலாம். ஆனா 138ஆம் நம்பர் பஸ்ஸில தள்ளி நிக்க இடம் எங்க?" என்றார். இவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. முன் சீட்டுக்கு அடியில் நாய்க்கு இடம் என்று விதி இருந்தால், தள்ளி நிற்க விரும்புகிறவருக்கும் எங்கே நிற்பது என்று தெரிந்திருக்கும்.

பஸ் ஏறுவதற்கு முந்தைய கதை இன்னும் பெரிது. ஜூனோவை எங்கள் ஒழுங்கையில் இறக்கிவிட்டால் ஹோல்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று நாய்க் கூட்டத்தின் எல்லையைத் தாண்ட வேண்டும். வேலையில் இருக்கிற நாய் திருப்பிக் குரைக்காது, கடிக்காது, அப்படிப் பழக்கப்பட்டது. அவளை அவர்கள் கிழித்துவிடுவார்கள். நடைபாதையில் மோட்டார்சைக்கிள், வடிகாலுக்கு மேல் பாதி உடைந்த மூடி, மதிய வெயிலில் கொதிக்கிற தார். "உன்ரை ஊருக்கு நாய் வேண்டாம், முதல் ரோட்டைப் போடச் சொல்லு" என்று அக்காவே சொல்கிறார்.

வழிகாட்டி நாயே இல்லாத ஊருக்கு நாய்ச் சட்டம் எதற்கு என்று நண்பரும் கேட்டார். நான் தலைகீழாக நினைக்கிறேன். ஒரு நாயைக் குட்டியிலிருந்து வளர்த்துப் பழக்கி எடுக்க ஏறக்குறைய இரண்டு வருடம். கொண்டக்டரின் அன்றைய மனநிலையைப் பொறுத்துத்தான் பஸ் ஏறலாம் என்றால் அந்தப் பாட்டை யார் படுவது? விதி முதலில் வராவிட்டால் முதல் ஆள் ஒவ்வொரு மிதிபலகையிலும் நின்று வழக்குப் பேச வேண்டும். அமெரிக்காவுக்கு 1928இல் முதல் வழிகாட்டி நாயைக் கொண்டுவந்த மொரிஸ் ஃபிராங்க் அதைத்தான் செய்தார். நாயைச் சாமான் பெட்டியில் போடு என்ற ரயில்களோடு மல்லுக்கட்டி, 1935 அளவில்தான் ரயில் கம்பனிகள் வழிக்கு வந்தன. இங்கே கட்டடங்களுக்குச் சரிவுப் பாதை வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி இருந்தும், மரம் விழுந்து நடக்க முடியாமல் போன கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை போய் 2011இல் உத்தரவு வாங்கினார். 2020இல் காலமானார். அவர் கேட்ட சரிவுப் பாதைகளில் பாதியில் இன்றைக்கும் மோட்டார்சைக்கிள் நிற்கிறது என்று சக்கர நாற்காலி நண்பர்கள் சொல்கிறார்கள்.

நான் அப்படி முதல் ஆளாக நிற்கக் கூடியவன் இல்லை. நாற்பது பேர் மௌனமாக இருந்த பஸ்ஸில், ஒரு கேள்விக்கு "மகே நெவெய்" என்று எவ்வளவு கெதியாகச் சொன்னேன் என்பது எனக்குத்தான் தெரியும். பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. "எனக்குத் தெரிந்த நாய், ஒழுங்கை முனையிலேயே இறக்கிவிடுங்கள்" என்றாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவள் வீட்டை வந்திட்டாளோ?" என்று கேட்டார். ஜூனோவைப் பற்றிக் கேட்பது மாதிரி.

கறுப்பி புதன்கிழமை வந்தாள். வோச்சர் ஐயா சொல்லித்தான் தெரியும்: காதில் ஒரு கடிக்காயம், மற்றப்படி சுகம். பிஸ்கட் வைத்தேன், சாப்பிட்டாள். காயத்துக்கும் ஊசிக்கும் மிருக வைத்தியர் ஒருவரைச் சலூன் பெடியன் கூட்டிவந்தான். புத்தகத்தில் உரிமையாளர் பெயர் எழுத வேண்டும் என்றார். பெடியன் என் பெயரைச் சொல்லிவிட்டான்.

அடுத்த திங்கள் அதே பஸ், அதே கொண்டக்டர். முழங்கையில் கை வைத்து ஏற்றினார். "அத பல்லா நேனே?" இன்றைக்கு நாயைக் காணோமே என்றார். பஸ் சிரித்தது, நானும் சிரித்தேன்.

காலையில் நகச் சத்தம் இப்போதும் கேட்கிறது. இடது பக்கம், இரண்டு அடி பின்னால். முன்பு ஹோல்ட் வரைக்கும் வந்தது. இப்போது ஐந்து கடைக்கு முன்னால், மருந்துக்கடை வாசலில் நின்றுவிடுகிறது.